நிறத்துக்கு எண் கண்ட வரலாறு

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புகைவீட்டின் வாடை எளிதில் மறக்கக்கூடியதன்று. காலையில் மரம் சீவி எடுத்த பால், அமிலம் கலந்து உறைந்து, உருளைகளில் நசுங்கி, வரிவரியான ஷீட்டாகிப் புகைவீட்டினுள் நாலைந்து நாள் தொங்கும். வெளியே வரும்போது அதற்குத் தேன் நிறம். அதன் பின்னர் நடப்பதுதான் இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி. தரம் பிரிக்கிறவர் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். குமிழி உண்டா, பட்டைத்தூள் ஒட்டியிருக்கிறதா, பூஞ்சணம் பிடித்ததா, புகை மிகுந்து கறுத்ததா என்று ஒரு நோட்டம். அந்த ஒரு நோட்டத்தில் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று விலை தீர்ந்துவிடும்.

அந்தத் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று கோலா கெடாவிலும் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கணினிக்கு முன்னே உட்கார்ந்து, தாத்தா பாட்டியின் பழைய படங்களை நகலெடுத்துச் சேர்த்து வைக்கிறார்கள். அவர்களுக்கும் நிறத்தில்தான் தொல்லை. ஒரே படத்தை ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்களில் திறந்தால், ஒன்றில் முகம் சிவக்கிறது; மற்றொன்றில் வெளுக்கிறது. கைப்பேசிக்கு அனுப்பினால் அங்கே மூன்றாவது நிறம். இது கருவியின் கோளாறு என்று பலர் எண்ணுகின்றனர். கோளாறு அன்று, ரப்பர் வணிகம் ஒரு காலத்தில் பட்ட அதே இடர்ப்பாடுதான். அதை அவ்வணிகம் எவ்வாறு தீர்த்துக்கொண்டது, ஒளிப்பட உலகம் அதே வழிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கண்ணை நம்பிய வணிகம்

புகையூட்டிய ஷீட்டுக்கு உலக வணிகத்தில் கண்ணால் பார்த்தே தரம் சொல்வது மரபு. அதற்கென்று 'பச்சைப் புத்தகம்' எனப் பெயர் பெற்ற விதிநூல் உண்டு. அதன்படி ஒப்புக்கொண்ட மாதிரி ஷீட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த சரக்கை அவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் விற்பவர் கெடாவில். வாங்குபவர் கடலுக்கு அப்பால். இங்கே பார்த்த வெயில் வேறு, அங்கே பார்க்கும் மூடுபனி வேறு. இங்கே பார்த்த கண் வேறு, அங்கே பார்க்கும் கண் வேறு. மாதிரி என்று வைத்த ரப்பரும் நாள்பட நிறம் மங்கும் பொருள்.

நிறம் பார்க்கும் தொழிலில் ஐரோப்பியர்கள் வடக்குச் சன்னலை விரும்புவர். நேர்வெயில் படாமல் நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும் என்பது காரணம். அவர்கள் ஊருக்கு அது பொருந்தும். நமக்குப் பொருந்தாது. கெடா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு பாகையில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிவெயில் இங்கே வடக்குப் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஓரிடத்து விதியைப் பெயர்த்து மற்றோரிடத்தில் நட்டால் இப்படித்தான்.

இந்த இடர்ப்பாட்டுக்கு விடை ஒரு பீர் வடிப்பவரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரத்து ஜோசப் வில்லியம்ஸ் லோவிபாண்ட் என்பவர் தம் சாலையில் வடிக்கும் பீரின் நிறத்தைக் கொண்டே அதன் தரத்தை அறிய முயன்றார். அவ்வூர்ப் பெருங்கோயிலின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் கண்டு அவருக்கு யோசனை பிறந்தது என்று கூறுவர். மங்கலிலிருந்து அடர்த்தி வரை படிப்படியாக நிறம் ஏறும் கண்ணாடித் துண்டுகளைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டார். பொருளை ஒரு துளை வழியாகவும் கண்ணாடியை மற்றொரு துளை வழியாகவும் பக்கத்தில் பக்கமாகப் பார்த்து, இரண்டும் ஒத்து வரும் கண்ணாடியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். 1885இல் இக்கருவிக்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். கண்ணாடி ரப்பரைப்போல நாள்பட மங்குவதில்லை என்பதே இதன் சிறப்பு.

இக்கண்ணாடி நம் நாட்டு ரப்பருக்கும் வந்து சேர்ந்தது. 1965இல் மலேசியா எஸ்.எம்.ஆர். என்னும் தரத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஷீட்டைத் தூக்கிப் பார்த்துத் தரம் சொல்லும் வழக்கத்துக்கு மாறாக, கட்டியாக அழுத்திய ரப்பரின் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று சோதனைச்சாலையில் அளந்து சான்று கொடுப்பது அத்திட்டம். அதில் 'எஸ்.எம்.ஆர். எல்' என்பது வெளிறிய ரப்பர். நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பது போலவே பாலும் காற்றுப்பட்டால் நொதியால் கறுக்கும். அதைத் தடுக்கச் சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பார்கள். முடிவில் ரப்பரைச் சிறு வில்லையாக அழுத்தி, லோவிபாண்டு வழியிலான மஞ்சள்பழுப்புக் கண்ணாடிகளோடு ஒப்பிடுவர். நிற எண் ஆறுக்கு மேற்படக் கூடாது என்பது விதி.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெறும் 'ஆறு' என்றால் அதற்குப் பொருளில்லை. 'லோவிபாண்டு ஆறு' என்றால் கெடாவிலும் ஹாம்பர்க்கிலும் ஒரே பொருள். எண்ணோடு அளவுகோலின் பெயரும் சேர்ந்து செல்லும்போதுதான் நிறம் கடல் கடக்கிறது.

பதினேழு பேருடைய கண்

நிறத்தை எண்ணாக்கும் முயற்சி விஞ்ஞான உலகில் இன்னும் ஆழமாக நடந்துகொண்டிருந்தது. வெள்ளொளியைப் பட்டகத்தால் பிரித்துக் காட்டியவர் நியூட்டன். கண்ணுக்குள் மூன்று வகை உணர்வுகளே உள்ளன, மற்றவை அவற்றின் கலப்பு என்று 1802இல் கூறியவர் தாமஸ் யங். அக்கருத்தை மெய்ப்பிக்க 1861 மே 17ஆம் நாள் இலண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒரு காட்சி நடத்தினார். ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட நாடா ஒன்றைத் தாமஸ் சட்டன் என்பவர் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகளின் வழியே மூன்று முறை படமெடுத்திருந்தார். மூன்றையும் அதே நிற ஒளிகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது நாடா தன் வண்ணத்தோடு தோன்றிற்று. உலகின் முதல் வண்ண ஒளிப்படம் அதுவே என்பர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாளையத் தகடுகளுக்குச் சிவப்பொளியே புலப்படாது. பிறகு எப்படிச் சிவப்புப் பதிந்தது? நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் திருப்பி வீசியது. வடிகட்டி அதையும் உள்ளே விட்டது. தகடு அதைப் பற்றிக்கொண்டது. நூறாண்டு கழித்தே இவ்வுண்மை வெளிப்பட்டது. கருவி பார்ப்பதும் கண் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் எந்தக் கண்ணை அளவுகோலாகக் கொள்வது? இங்கிலாந்தில் டபிள்யூ. டேவிட் ரைட் பத்துப் பேரையும் ஜான் கில்டு ஏழு பேரையும் வைத்து, எந்த நிறத்துக்கு எவ்வளவு சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்தால் கண் 'ஒன்று' என்கிறது என்று தனித்தனியே சோதித்தனர். இரண்டும் நன்கு ஒத்து வந்தன. 1931இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் அவற்றை ஒன்றாக்கி, 'நிலைத்த காண்பான்' ஒருவனை வகுத்தது. அதாவது, அந்தப் பதினேழு பேரின் கண்களிலிருந்து வடித்தெடுத்த ஒரு கற்பனைக் கண். இன்று சாயப்பட்டறைக்கும் அச்சகத்துக்கும் கைப்பேசித் திரைக்கும் அதுவே அடிப்படை.

சர் சி. வி. இராமன் தம் இறுதிக் காலத்தில் இத்துறையில் பெரிதும் ஈடுபட்டு, பார்வையின் உடலியல் பற்றி 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். மூவண்ணக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. உலகம் அவர் பக்கம் சாயவில்லை என்றாலும், மலர்களையும் மணிகளையும் தாமே பார்த்துப் பார்த்து அவர் எழுப்பிய கேள்விகள் படிக்கத் தக்கவை.

எவர் கண், எவர் முகம் என்ற கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் மேனி சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று கொள்வார்கள். கறுத்த முகம் எப்படி வரும் என்று கேட்பாரில்லை. பல இனத்தவரையும் காட்டும் அட்டைகள் 1990களில்தான் வழக்குக்கு வந்தன. தோட்டத்துத் திருமணப் படங்களில் மாலையும் பட்டும் பளிச்சென்று இருக்க, மாப்பிள்ளையின் முகம் மட்டும் நிழலாக நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதற்குப் படம் பிடித்தவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

பெயரில்லாத எண்

இனிக் கணினிக்கு வருவோம். எண்மப் படம் என்பது புள்ளிகளின் திரள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆகப் பெருக்கினால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட கலவைகள். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் எந்தச் சிவப்பில் 255? என் திரையின் சிவப்பா, உங்கள் திரையின் சிவப்பா? எண் அதைச் சொல்வதில்லை.

பழைய நாளில் கெடாவின் கடைத்தெருவில் 'நூறு' என்று மட்டும் சீட்டில் எழுதி ரப்பரை எடை போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? நூறு கட்டியா, நூறு ராத்தலா? மூன்று கட்டிக்கு நாலு ராத்தல் கணக்கு. எழுதியவன் கட்டி என்று எண்ணி எழுத, படித்தவன் ராத்தல் என்று எண்ணிப் பணம் கொடுத்தால் சரக்கில் கால் பங்கு காற்றோடு போகும். படத்துக்கு நேர்வதும் இதுவே.

சான்றாக ஒரு கணக்கு. இன்று வழங்கும் நிற அளவுகோல்களில் எஸ்.ஆர்.ஜி.பி. என்பது ஒன்று, அடோபி ஆர்.ஜி.பி. என்பது மற்றொன்று. பின்னது பச்சைப் பக்கத்தில் எல்லை அகன்றது. முன்னதில் 255, 0, 0 என்று எழுதும் அதே சிவப்பைப் பின்னதில் 219, 0, 0 என்று எழுத வேண்டும். இப்போது 219 என்று எழுதிய கோப்பைத் திறக்கும் மென்பொருள், அளவுகோலின் பெயரைப் பாராமல் எஸ்.ஆர்.ஜி.பி. என்றே கொண்டுவிட்டால், சிவப்பு மங்கிச் சோகை பிடித்தாற்போல் தோன்றும். கோப்பில் ஓர் எண்ணும் மாறவில்லை. படித்த முறைதான் மாறிற்று.

இதைத் தீர்க்கவே 1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் முதலிய எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச நிறக் கூட்டமைப்பை நிறுவின. அவர்கள் வகுத்ததுதான் 'கலர் புரொஃபைல்' என்பது; நாம் நிறக்குறிப்பு என்போம். கேமராவுக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று என ஒவ்வொரு கருவியின் எண்ணுக்கும் 1931இன் நிலைத்த கண்ணில் என்ன பொருள் என்று சொல்லும் சிறு அகராதி அது. படத்தின் குறிப்பைக் கொண்டு எண்ணைக் கண்ணின் மொழிக்கு மாற்றி, அங்கிருந்து திரையின் குறிப்பைக் கொண்டு திரையின் எண்ணுக்கு மாற்றுவது முறை. இரண்டு குறிப்புகளும் வேண்டும். ஒன்று இல்லாவிடில் பாலம் பாதியில் நிற்கும்.

1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்பதை முன்மொழிந்தன. பெயரில்லாத படங்களையெல்லாம் இதுவெனக் கொள்வோம் என்ற பொது உடன்பாட்டுக்கு அது வழி செய்தது. 1999இல் சர்வதேசத் தரமாயிற்று. அடோபி ஆர்.ஜி.பி.யின் பிறப்போ சுவையானது. 1998இல் போட்டோஷாப் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, தொலைக்காட்சித் தரம் ஒன்றின் ஆவணத்திலிருந்து எண்களைப் பார்த்து எழுதினார்கள். தவறான இடத்து எண்களை எழுதிவிட்டார்கள். அதையும் படியெடுக்கையில் பிழை நேர்ந்தது. பிழை வெளிப்பட்டபோதோ, பயன்படுத்துவோருக்கு அது பிடித்துப்போயிருந்தது. பெயரை மாற்றி அதையே நிலைக்க விட்டார்கள். அளவுகோல் சரியானதாயிருப்பதைக் காட்டிலும், அதன் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருப்பதே வேண்டுவது என்பதற்கு இது சாட்சி.

மென்பொருள்கள் இம்முறைக்கு ஒன்றன்பின் ஒன்றாகவே வந்தன. எடுத்துக்காட்டாகப் பயர்ஃபாக்ஸ் உலாவி, படத்தின் நிறக்குறிப்பைத் தானாகப் படிக்கத் தொடங்கியது 2009இல்தான். இன்றும் படத்தின் குறிப்பைப் படித்துத் திரையின் குறிப்பைப் படிக்காதவை உண்டு. இரண்டையும் படிக்காதவை உண்டு. அனுப்பும்போது படத்தைச் சுருக்கிக் குறிப்பை உதிர்த்துவிடும் செயலிகளும் உண்டு. இதற்கிடையே, நிறம் மிகுந்த திரைகள் 2015க்குப் பின் கைப்பேசிகளிலும் மேசைக் கணினிகளிலும் பரவின. அத்தகைய திரையில் குறிப்பைப் பாராத மென்பொருள் காட்டும் முகம் மஞ்சள் பூசியதுபோல் சிவந்து தெரியும். ஒரே கணினியில் இரண்டு நிறம் தோன்றும் மாயம் இவ்வளவே.

படங்களைச் சேர்ப்போர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். மென்பொருளில் 'குறிப்பை இடு' என்று ஒரு கட்டளையும், 'குறிப்புக்கு மாற்று' என்று ஒரு கட்டளையும் இருக்கும். முன்னது எண்ணைத் தொடாமல் பெயரை மட்டும் எழுதும். கட்டியை அடித்து ராத்தல் என்று எழுதுவதுபோல. பின்னது நூறு கட்டியை நூற்று முப்பத்து மூன்றேகால் ராத்தலுக்குச் சற்று மேலாகக் கணக்கிட்டு எழுதும். பெயரே இல்லாத கோப்புக்கு, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், முன்னதைச் செய்யலாம். பெயருள்ள கோப்புக்கு ஒருக்காலும் செய்யலாகாது.

சாட்சியாக நிற்கும் படம்

இதெல்லாம் படப்பித்து உள்ளவர்களின் நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் கூறும் இந்நிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களை 1936, 37 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் தோண்டி ஆராய்ந்தனர். 'சண்டி' எனப்படும் அவற்றுக்கு எண்ணும் இட்டனர். அவற்றுள் 11ஆம் எண் சண்டி 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடித்துத் தள்ளப்பட்டது. எழுத்துக் குறிப்பும் வரைபடமும் ஒளிப்படமும்தான் இனி அதற்குச் சாட்சி. செங்கல்லின் நிறம் அலங்காரச் செய்தியன்று. காற்றோட்டமுள்ள சூளையில் வெந்த கல் சிவக்கும். காற்று குறைந்த சூளையில் வெந்தது சாம்பலாகவோ கறுப்பாகவோ போகும். ஆகவே நிறம் சூளையைச் சொல்லும். களத்தில் அகழாய்வாளர்கள் மண்ணின் நிறத்தை மன்செல் அட்டையோடு ஒப்பிட்டு எண்ணால் எழுதுவது இதனாலேயே. படமெடுப்போரும் ஓரத்தில் ஒரு நிற அட்டையை வைத்தே எடுக்கிறார்கள். அந்தப் படத்தைப் பின்னர் குறிப்பு உதிர்ந்த நகலாகப் பார்க்கும் மாணவர், கல் சிவந்திருந்ததா பழுத்திருந்ததா என்று எதைக்கொண்டு தீர்ப்பார்?

என் வீட்டிலும் இப்படி ஒன்று. பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் 1974இல் நடந்த என் அக்காளின் திருமணப் படத்தைச் சென்ற ஆண்டு நகலெடுத்துத் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். வந்த கோப்பில் நிறக்குறிப்பே இல்லை. என் கணினியில் கூறைப் புடவை ஆரஞ்சு. மருமகன் கைப்பேசியில் இரத்தச் சிவப்பு. மற்றொரு மென்பொருளில் செங்கல். கடைக்காரரைக் கேட்டு எந்த அளவுகோலில் எடுத்தார் என்று அறிந்து, பெயரை இட்டேன். திரையையும் அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, அதற்கும் குறிப்பு எழுதினேன். அதன்பின் மூன்று இடத்திலும் புடவை ஒரே நிறமாயிற்று.

ஆனால் அது சரியான நிறம் அன்று. அக்காள் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து கூறையை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். துணி நல்ல அரக்கு. படம் அதைவிடச் செம்மை ஏறியது. 1970களின் வண்ணத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் கிடந்தாலும் மங்கும், எஞ்சுவது செம்மை. நிறக்குறிப்பு எல்லாத் திரையையும் ஒரே பேச்சுப் பேச வைக்கும். போன சாயத்தைத் திருப்பித் தராது. நகலெடுத்தபடியே உள்ள கோப்பை அதன் பெயரோடு ஒரு பக்கம் வைத்துவிட்டு, மற்றொரு பிரதியில் கூறையைப் பார்த்துப் பார்த்துச் செம்மையைக் குறைத்தேன். அனுப்புவதற்கு மட்டும் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றினேன். இரவு மஞ்சள் விளக்கில் ஒரு முறை செய்து, காலை வெளிச்சத்தில் பார்த்தால் ஒத்து வரவில்லை. மறுநாள் வாசல் திண்ணைப் பக்கம் கணினியைக் கொண்டுபோய் மறுபடி தொடங்கினோம். அக்காள் புடவையின் ஒரு மூலையைத் தூக்கி, பழைய நாளில் ஷீட் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் குறை" என்றார்.